ஞாயிற்றுக்கிழமை ஆடிட்

உறையைக் கிழித்ததும் எழும் புதுப் பிளாஸ்டிக் பொம்மையின் வாசனை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் ஒரு காலத்தில் பிடித்துத்தான் இருந்தது. போன வாரம் தம்பி மகளின் பிறந்தநாளுக்காகக் கடையில் நின்றபோது, கடைப்பெண் ஒரு மஞ்சள் வாத்தை உறையிலிருந்து உருவி என் கையில் வைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்ணப் பென்சில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் தெரிந்தே இருந்தது. ஒரு பனியன் கம்பெனி. அதில் குழந்தைகள் காப்பகம் என்று பெயர் எழுதிய அறை. அந்த அறைக்குள் நின்றிருந்த ஒரு பெண். அவளை அந்தக் கம்பெனிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

பனியனின் கழுத்துக்குப் பின்னால் உறுத்துகிற சின்னத் துண்டு ஒன்று இருக்கும். வெதுவெதுப்பான நீரில் துவை, நிழலில் உலர்த்து என்று ஏழெட்டு மொழிகளில் சொல்லிக்கொண்டே இருக்கும். வாங்கியவர்கள் முதல் வேலையாக அதைக் கத்தரித்து எறிவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அந்தத் துண்டை அச்சடித்துப் பிழைக்கிறோம். எனக்குத் தெரியாத மொழிகளின் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்ப்பது என் வேலை. யாரும் படிக்காததைத் திருத்தி முடித்த பிறகு, யாரும் கேட்காததை நாலு வரி எழுதிப் பார்ப்பது என் பழக்கம்.

எங்களிடம் லேபிள் வாங்கும் கம்பெனிகளில் பெரியது என் சிநேகிதியுடையது. கல்லூரியில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். அவள் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். நான் குன்னத்தூரில் காடு உழுது பிழைக்கிற வீட்டுப் பெண். ஒருத்தியின் டிபன் டப்பாவை இன்னொருத்தி காலி செய்துதான் படித்தோம். ஏற்றுமதிக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போய், மாமனாருக்குப் பிறகு கம்பெனியைத் தானே எடுத்து நடத்துகிற அளவுக்கு வளர்ந்தபின்னும் அவள் என்னிடம் மாறவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் காரை நிறுத்திவிட்டுத் தூக்குப்போசியில் கஞ்சியோடு படியேறி வந்தவள் அவள். அவள் ஒன்றைச் சொன்னால் அதைத் திருப்பிப் பார்த்து உள்தையலைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது.

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவள் தலைவியான வருடம் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாள். படித்து முடித்து வேலையில் ஊன்றி நிற்கிற பழைய மாணவர் ஒருவர், கடைசி வருடத்தில் படிக்கிற ஒரு பிள்ளையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுக்க வேண்டாம். பேச வேண்டும், கேட்க வேண்டும், அந்தப் பிள்ளை ஒரு வேலையில் உட்காரும் வரைக்கும் கூட இருக்க வேண்டும். செமினார் ஹாலில் ஜோடி சேர்த்தது முழுக்க அவள்தான். என் தோளைத் தட்டி, "உனக்குன்னு ஒருத்திய எடுத்து வச்சிருக்கறேன் புள்ள" என்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள்.

அந்தப் பெண்ணின் குடும்பம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே வந்தது. அப்பா ஓவர்லாக் டெய்லர். அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற உருப்படிகளில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் தேடுகிற வேலை. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். மெர்ச்சண்டைசர் ஆக வேண்டும். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்குள்ள கம்பெனிக்கும் நடுவில் நின்று, நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கப்பல் ஏறுவது வரை ஒரு ஆர்டரைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போகிற ஆள். அந்த நாற்காலியில் அவள் உட்கார வேண்டும். எங்கள் சந்திப்புகள் அத்தனையும் அதற்காகத்தான்.

முதல் சில ஞாயிறுகள் வீணாய்ப் போயின. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பேக்கரியில் எதிரெதிரே உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர் தன்னையே தெருவில் கொட்டிவிடும். புதுச் சட்டை போட்ட வடநாட்டுப் பிள்ளைகள் வீடியோ காலில் ஹிந்தி பேசி ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டு நடப்பார்கள். மதுரைப் பக்கத்துக் குரல்களும் தேனிப் பக்கத்துக் குரல்களும் பூக்கடையில் பேரம் பேசும். அந்த இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றி நான் பேசுவேன். உழைப்பு என்றால் என்ன, பெண் என்றால் எப்படி நிற்க வேண்டும் என்றெல்லாம். அவள் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டுவாள். பஃப்ஸ் ஆறிப்போகும். திரும்பி வரும்போது என் குரல் எனக்கே புளித்திருக்கும்.

ஒரு ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. அன்றைக்குத்தான் அவள் பேசினாள்.

அம்மாவைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளியின் குழந்தை புது கவுன் போட்டிருந்தால், அம்மா அந்தக் குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன்னால் கவுனின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பாளாம். கல்யாண வீட்டில் மணமகளின் ரவிக்கையில் ஒரு நூல் தொங்குவதைப் பார்த்துவிட்டு, மேடையேறிப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு வந்தாளாம். சொல்லும்போது அவளும் சிரித்தாள், சத்தமில்லாமல் நானும் சிரித்தேன். ஏன் மெர்ச்சண்டைசர் என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டேன். தட்டில் இருந்த பஃப்ஸ் துணுக்குகளை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:

"எங்கம்மா நாளெல்லாம் அடுத்தவுக தப்பத் தேடிக்கிட்டே நிக்கிறாங்க அக்கா. எனக்கு ஒண்ணை ஆரம்பிக்கிற வேலை வேணும்."

அக்கா என்று அன்றைக்குத்தான் முதலில் கூப்பிட்டாள்.

தொண்டை சரியான பிறகும் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அறிவுரையை அறவே விட்டேன். என் வேலையில் நான் சொதப்பியவற்றைச் சொன்னேன். ஒருமுறை ஒரு மொழியில் வாசகம் மாறிப்போய், இந்த உடையைத் துவைக்கவே துவைக்காதே என்று ஒரு லாட் முழுக்க அச்சாகிக் கப்பலும் ஏறிவிட்டது. "அந்த நாட்டுக்காரங்க இன்னும் அதைத் துவைக்காமத்தான் போட்டிருப்பாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, வாயிலிருந்த டீ மூக்கில் ஏற அவள் சிரித்ததை இப்போதும் கேட்கிறேன். அதற்குப் பிறகு அவள் முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

ஆங்கிலம்தான் அவளுக்குப் பயம். வீட்டில் சாத்தூர்த் தமிழ், வெளியே எங்களூர் 'ங்க', தெருவில் கொஞ்சம் ஹிந்தி எல்லாம் பேசுவாள். ஆங்கிலம் என்றதும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். அதற்காக ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தோம். நான் கோபக்கார பையர், போன் செய்கிறேன். அவள் மெர்ச்சண்டைசர், எடுக்கிறாள். என் சரக்கு எங்கே? ஏன் தாமதம்?

நாளைக்கு என்று சொல்லியே வளர்ந்த ஊர் இது. துணி சாயப்பட்டறையில் நனைந்துகொண்டிருக்கும். போனில் அது பேக்கிங் ஆகிக்கொண்டிருக்கும். நான் அவளுக்கு வேறு மாதிரிப் பழக்கினேன். துணி இன்னும் சாயத்தில் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் தேதி சொல்கிறேன் என்று உள்ளதைச் சொல்லச் சொன்னேன். கையை மேஜைமேல் வை. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார். ஒரு வாக்கியம் முடிந்த பிறகு அடுத்ததை எடு. பொய் சொல்லாமல் ஒரு பையரைச் சமாளிக்க முடியும் என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். சில மாதங்களில் அவள் பேச்சு நிதானப்பட்டது. நான் பையராகக் கத்தும்போது பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்; அவள் அசையாமல் பதில் சொல்வாள்.

பழைய மாணவர் கூட்டத்தில் அவளை மேடையேற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். பேசினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இவள எனக்குக் குடுத்துரு புள்ள. மெர்ச்சண்டைசிங்ல ஆறு மாசம் பழகட்டும். அப்புறமேட்டுக்கு அந்த சீட்டு அவளோடதுதான்."

சேர்த்துவிட நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவள் அம்மாவும் வந்திருந்தாள். கம்பெனி வாசலில் நின்று அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தாள். "இவுகளை எனக்குத் தெரியாதுங்க. உங்கள நம்பித்தான் விடுறேன்" என்றாள் என்னிடம். என் சிநேகிதியை என்னைவிடவே நம்பலாம் என்று நான் பதில் சொன்னேன்.

ஞாயிறுகள் அதன்பிறகு அவளுடையவை ஆயின. நான் கேட்பேன், அவள் சொல்வாள். இந்த வாரம் சாம்பிள் அனுப்பினோம், காலர் உயரம் குறைவு என்று திரும்பி வந்தது. பட்டன் வரவில்லை, டெல்லிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும்விட ஒரு பச்சை நிறம். ஏதோ ஒரு குளிர்நாட்டு பையர் ஒரு பச்சையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அனுப்பினால் மஞ்சள் அதிகம் என்கிறார். மாற்றி அனுப்பினால் நீலம் அதிகம் என்கிறார். சாயப்பட்டறை மாஸ்டர் தலையில் கைவைத்து, பச்சைன்னா பச்சைதானுங்களே மேடம் என்று இவளிடம் அழுகிறாராம். இவள் துணித்துண்டுகளை ஜன்னலுக்கு எடுத்துப்போய்க் காலை வெயிலில் ஒரு முறையும், மேகம் மூடும்போது ஒரு முறையும் வைத்துப் பார்க்கிறாளாம்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஜன்னல் தெரிந்தது. யாருக்கும் பிடிபடாத பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிற பெண் தெரிந்தாள். இரண்டு வாரம் தூக்கம் வராமல் அதைக் கவிதையாக எழுதினேன். பேக்கரியில் அவளுக்கே படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டாள். நல்லா இருக்குக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள். திரும்பி வர நேரமானது. முகத்தையும் கழுவியிருந்தாள். உருகிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆடிட் என்பதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஆளை அனுப்பும். தொழிலாளிகளுக்கு எத்தனை மணி நேர வேலை, குடிக்கத் தண்ணீர் உண்டா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் உண்டா என்று பார்த்துப் போவார்கள். ஒழுங்காக நடத்துகிற கம்பெனிகள் வழக்கம்போல இருந்துவிடும். சில கம்பெனிகளில் ஆடிட்டுக்கு முன்பே தொழிலாளிகளைக் கூட்டங்கூட்டமாக உட்காரவைத்துப் பதில் பழக்குவார்கள். எத்தனை மணிக்கு வேலை முடியும்? ஆறு மணிக்குங்க. ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா? இல்லீங்க. யாராவது திட்டுவார்களா? இல்லீங்க, நல்லாப் பார்த்துக்கறாங்க. ஊரில் இது பலருக்கும் தெரியும். என் சிநேகிதியின் கம்பெனியில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. லேபிள் தீர்ந்து தையல் லைன் நிற்கிறது, உடனே வேண்டும். எங்கள் ஆள் லீவு. லேபிள் கட்டை என் வண்டியில் வைத்துக்கொண்டு நானே போனேன். வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இன்னிக்கு ஆடிட்டுங்க அம்மிணி. முன்னால வேண்டாமுங்க, பின்பக்கமாப் போயிருங்க."

பின்பக்க வராந்தாவில் ஒரு அறை உண்டு. எப்போதும் அட்டைப் பெட்டிகளால் அடைந்து கிடக்கும். அன்றைக்குக் கதவு திறந்திருந்தது. சுவரில் ஈரம் காயாத ஒட்டகச்சிவிங்கி. தரையில் புதுப் பாய். பாயில் லாரி, பந்து, அடுக்கு வளையம், மஞ்சள் வாத்து. எல்லாம் அப்போதுதான் உறை கிழிக்கப்பட்டவை. அந்த வாசனை வராந்தா வரைக்கும் அடித்தது. வடநாட்டு டெய்லர் ஒருவரின் குழந்தைகள் இரண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அறை நடுவில் நீலக் கோட்டுப் போட்டு, காப்பாளர் என்று அட்டை குத்தி, நான் கொண்டுவந்து விட்ட அந்தப் பெண் நின்றிருந்தாள்.

எதிரில் சின்ன நாற்காலியில் ஆடிட்டர் அம்மாள். ஆங்கிலத்தில் கேள்விகள். இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறாய்? இரண்டு வருடமாக என்றாள் அவள். குழந்தைகள் எத்தனை மணிக்கு வரும், என்ன சாப்பிடும், எப்போது தூங்கும் என்று கேட்கக் கேட்க, ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கண்ணைப் பார்த்துச் சொன்னாள். கைகளைக் கோத்து முன்னால் வைத்திருந்தாள். சின்னக் குழந்தையைத் தூக்கினாள். அது அவளைப் பார்த்து வீறிட்டது. இவனுக்குப் புது ஆட்களைக் கண்டால் கூச்சம், உங்களைப் பார்த்துத்தான் அழுகிறான் என்று ஆடிட்டரிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

கதவோரத்தில் லேபிள் கட்டோடு நின்ற என்னை அவள் பார்த்தாள். பார்வை ஒரு நொடி என்மேல் நின்றது. பிறகு ஆடிட்டரிடம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். குரல் ஒரு இழைகூடப் பிசிறவில்லை.

அன்று முழுக்க எனக்குக் கோபம் அவளுக்காகத்தான் இருந்தது. யாரோ மிரட்டி ஒரு நாளைக்கு நிறுத்தியிருக்கிறார்கள், பாவம், என்னவென்று மறுக்கும் அந்தப் பிள்ளை என்றுதான் இரவெல்லாம் புரண்டேன். மறுநாள் காலை சிநேகிதியோடு சண்டை போடப் போனேன்.

ஆடிட் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் இருந்தாள். டீ சொன்னாள். மெர்ச்சண்டைசிங் பழக விட்ட பிள்ளைக்கு எதற்கு ஆயா வேஷம் கட்டினாய் என்று கேட்டேன். நான் ஏதோ வேடிக்கை சொன்னதுபோல் பார்த்தாள்.

"மெர்ச்சண்டைசிங்கா? அங்க அவ ஒரு நாளும் உக்காரலியே."

அப்படியானால் எங்கே என்றேன். அவள் ஒளிக்கவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அந்தப் பெண் ஆபீஸை ஒட்டிய அறையில் இருக்கிறாள். தொழிலாளிகளை வரவழைத்து ஆடிட்டில் சொல்ல வேண்டியதைப் பழக்குவதுதான் வேலை. நம்மூர்க்காரர்களுக்கு நம்மூர்ப் பேச்சில், தெற்கத்திக்காரர்களுக்கு அவர்கள் பேச்சில், வடக்கத்திக்காரர்களுக்கு ஹிந்தியில். "நெம்பக் கெட்டிக்காரி புள்ள அவ. நல்லாப் பழக்கிக் குடுத்திருக்கற" என்று என்னையே பாராட்டினாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை என்றகிட்டச் சொன்னதெல்லாம்?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் யாரையோ பார்த்தாள். பிறகு, கஞ்சி கொண்டுவந்த நாட்களின் அதே இதமான குரலில் சொன்னாள்:

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் இங்க வந்து உக்காருவா. அந்த வாரம் எங்க மெர்ச்சண்டைசர் என்ன பண்ணுனாளோ அதையச் சொல்லி அனுப்புவேன். உனக்கு வெசனமாயிரும்னுதான் புள்ள."

அந்தப் பச்சையுமா என்று கேட்டேன். எந்தப் பச்சை என்றாள். நினைவு வந்து, அது நிசந்தான், இன்னும் அப்ரூவல் ஆகவில்லை, உயிரை வாங்குகிறான் என்று அலுத்துக்கொண்டாள்.

ஆடிட்டர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். நான் ஞாயிறுதோறும் வந்திருக்கிறேன். எனக்காக ஒரு ஜன்னலைத் திறந்து, துணித்துண்டை வெயிலில் பிடித்து, சாயப்பட்டறை மாஸ்டரை அழவைத்து, ஒரு அறையையே ஜோடித்து வைத்திருக்கிறார்கள். நான் தலையாட்டி, பூரித்து, எழுதி, படித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். செமினார் ஹாலில் முதல் நாளே அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டாளாம். முகம் நல்ல முகம், பேச்சுத்தான் வராது, உன்றகிட்ட விட்டா வந்துரும்னு தெரியும். ஆர்டர் போனால் எத்தனை குடும்பம் நடுத்தெருவில் நிற்கும், உன்ற லேபிளும்தானே என்றாள். மிரட்டல் இல்லை அது. வீட்டு விஷயம் பேசுகிற குரலில்தான் சொன்னாள். சண்டை போட வந்த நான், டீ வருவதற்கு முன்னால் எழுந்து வந்துவிட்டேன். இன்றுவரை சிநேகிதியின் அறைக்குள் நான் போகவில்லை. லேபிள் மட்டும் போகிறது. வீட்டுக்காரர் அனுப்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் பேக்கரிக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். கழுத்தில் புது அடையாள அட்டை இருந்தது. வேலை நிரந்தரமாகிவிட்டதாம், தனி மேஜை கொடுத்திருக்கிறார்களாம். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தாள்.

ஏன் என்னிடம் என்று மட்டும் கேட்டேன். ஆடிட்டருக்குச் சொன்னது புரிகிறது, ஏன் என்னிடம்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னிக்குச் சொல்லிரணும்னுதான் வருவேன். நீங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற முகத்தைப் பார்த்தா வராது. அவுக சொல்லிக் குடுத்தது பத்தாம நானும் சேத்துச் சொல்ல ஆரம்பிச்சிட்டேன். அந்த ஜன்னல் நான் சேத்ததுக்கா."

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சின்ன ஆபீஸ் ஒன்று இருக்கிறது. நாளைக்கே போகலாம், மெர்ச்சண்டைசர் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம், பேசிவிட்டேன். உன் அம்மாவிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். மெர்ச்சண்டைசர் என்றுதான் சொல்லியிருக்கிறாளாம். அம்மா தன் கம்பெனி லைன் முழுக்க அதைச் சொல்லியாகிவிட்டதாம். அப்படியானால் அங்கே போனால் அது நிசமாகிவிடுமே என்றேன். கெஞ்சுகிற குரல் எனக்கே கேட்டது.

அவள் மெஷினில் பாதி அச்சாகி நின்ற நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா முதல்லருந்து தெரியாது தெரியாதுன்னு நிக்கணும்க்கா. இங்க யாரு வந்து என்ன கேட்டாலும் எனக்குத் தெரியும். அம்மா வயசுல உள்ளவுக என் முன்னால உக்காந்து, இதுக்கு என்ன சொல்லட்டும் கண்ணுன்னு கேக்கிறாக."

அதில் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. அவள் போகப்போவதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஒன்றை ஆரம்பிக்கிற வேலை வேண்டும் என்று ஆறிய பஃப்ஸுக்கு முன்னால் சொன்னவளை, அந்த மேஜைக்கு எதிரே நிதானமாக உட்காரப் பழக்கியவளே நான்தான். பழக்கியதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரைப் பார்த்துக் கோபப்படுவது என்று தெரியாமல் வெட்டிப் போட்ட லேபிள்களை அள்ளி அள்ளி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாசல்வரை கூட வந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டாள். அச்சுக்கூடத்து நாய் அவளைத் தெரிந்ததுபோல் வாலாட்டியது. சும்மா அனுப்பிவிட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஞாயிறுகளில் நாம் சிரித்தோமே, அந்தச் சிரிப்பாவது உன்னுடையதா என்று கேட்டேன்.

கண்ணைப் பார்த்தாள். நிதானமாகப் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள்.

"இனிமே என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க அக்கா. கேட்டா நல்லாப் பதில் சொல்லிருவேன்."